சொன்னால் கேட்காத பிள்ளையும் வீட்டுப் பொறுப்பும்: செட்டிநாட்டுப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பெற்றோரிடம் பேச உட்கார்ந்தால் படிப்பைப் பற்றிய கவலை கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும். அப்புறம் வருவது இதுதான்: "ஒரு வேலை சொன்னா செய்யுறதில்ல. செஞ்சாலும் முடிக்கிறதில்ல." ஆறு வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்துபார்க்க வேண்டாம். உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிற கேள்வியை மட்டும் படித்தாலும் போதும்.

பத்துத் தடவை சொன்னாலும் அசைவதில்லை. கத்தினால்தான் எழுந்திருக்கிறான். ஏன் இப்படி?

அவன் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. முதல் ஒன்பது தடவையும் நீங்கள் அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை. பத்தாவது தடவை குரல் மாறுகிறது, காலடிச் சத்தம் கேட்கிறது. அப்போது எழுந்தால் போதும் என்று அனுபவத்தில் தெரிந்துவைத்திருக்கிறான். சோம்பேறி என்று திட்டுகிறோம். உண்மையில் நம்மை நன்றாகக் கவனித்துப் படித்திருக்கிறான்.

அமெரிக்காவின் ஒரிகானில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர் அடங்காத பிள்ளைகள் உள்ள வீடுகளில் அன்றாடம் நடப்பதைக் கவனித்து எழுதினார். அவர் கண்டது ஒரு சுழல். அம்மா ஒன்று சொல்வார், பிள்ளை முரண்டு பிடிக்கும், அம்மா குரலை உயர்த்துவார், பிள்ளை அதற்கு மேல் கத்தும், கடைசியில் யாராவது ஒருவர் விட்டுக்கொடுப்பார். விட்டுக்கொடுத்த நிமிடத்தில் சத்தம் நிற்கிறது அல்லவா, அந்த நிம்மதியே ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் பரிசாகிவிடுகிறது. அடுத்த தடவை இருவரும் இன்னும் சீக்கிரமாகக் கத்தத் தொடங்குகிறார்கள்.

நம் பக்கத்து வீடுகள் இதற்குத் தோதாகக் கட்டியவை. முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். அடுப்படியில் நின்று கூப்பிட்டால் இரண்டாங்கட்டைத் தாண்டி, நடு முற்றத்தைச் சுற்றிய வளவைத் தாண்டி, வீட்டின் முன்பகுதியான முகப்பில் கைபேசியோடு படுத்திருக்கும் பிள்ளைக்குப் போய்ச் சேருவது வெறும் சத்தம்தான். புது வீட்டு ஃபிளாட்டில் இருப்பவர்களும் இதையே செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஆகவே கூப்பிடாதீர்கள், போங்கள். பக்கத்தில் நின்று பேர் சொல்லுங்கள். முகத்தைத் திருப்பியதும் ஒரே ஒரு வாக்கியம்: "டம்ளரை எல்லாம் எடுத்துட்டுப் போய்த் தொட்டியில போடு." "போடுறியா?" என்று கேட்டால் "மாட்டேன்" என்பதும் ஒரு பதில்தான், எனவே கேள்வியாகக் கேட்க வேண்டாம். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு அங்கேயே நில்லுங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலானோர் தடுமாறுவது இந்தப் பத்து விநாடியில்தான். "நேத்தும் இப்படித்தான்", "உங்க அண்ணனைப் பாரு" என்று ஏதாவது சேர்த்துவிடுகிறார்கள். சேர்த்தவுடன் பேச்சு டம்ளரை விட்டு அண்ணனுக்குப் போய்விடும். பிள்ளைக்கு அதுதான் வசதி.

எண்ணி முடித்தும் எழவில்லை என்றால் அதே வாக்கியம், அதே குரலில், இன்னொரு முறை. அதற்கும் அசையாவிட்டால் ஒரு டம்ளரை நீங்கள் எடுத்து, இன்னொன்றை அவன் கையில் கொடுத்து, கூடவே நடங்கள். மூன்றாவது முறை சொல்வது என்பதே கிடையாது.

எந்த வேலையைக் கொடுத்துத் தொடங்குவது?

வீட்டுக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற, முடிந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரே ஒரு வேலை. "ரூமைச் சுத்தமா வச்சுக்கோ" என்பது வேலையே இல்லை, அது ஒரு ஆசை. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று பெரியவர்களுக்கே விளங்காது. "படுக்கும் முன்னாடி நாளைக்கான தண்ணி பாட்டிலை நிரப்பி மேசை மேல வை" என்பது வேலை.

சொன்னால் கேட்காத பிள்ளைக்கு, அதைச் செய்யாவிட்டால் வீடு கொஞ்சம் தடுமாறும் என்கிற மாதிரி வேலை கொடுப்பது நல்லது. பொம்மை வேலையைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடும். தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்துவது, மாலையில் விளக்குக்குத் திரி போட்டு எண்ணெய் ஊற்றிவைப்பது, மாடியில் காயும் வற்றலை வெயில் இறங்கியதும் கீழே கொண்டுவருவது, காலையில் திண்ணையைக் கூட்டுவது இவையெல்லாம் அப்படிப்பட்டவை. ஓடு போட்ட பழைய வீடாக இருந்தால் இன்னும் நல்ல வேலை ஒன்று இருக்கிறது. ஐப்பசி மழைக்காலத்தில் வளவின் நான்கு மூலைகளிலும் தண்ணீர் கொட்டும். வானம் கறுத்ததும் முற்றத்துத் தண்ணீர் போகும் துவாரத்தில் அடைத்திருக்கும் இலை, தும்பு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். முதல் மழையில் ஓட்டுத் தூசி போகட்டும் என்று விட்டு, அப்புறம் மூலைக்கு ஓர் அண்டாவைத் தள்ளிவைக்க வேண்டும். ஒன்பது வயதுப் பையன் இதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டால் மேகத்தைப் பார்த்தவுடன் யாரும் சொல்லாமலே ஓடிவருவான். வேலையைச் செய்யச் சொல்லி அவனை அழைப்பது இடிச் சத்தம், அம்மா இல்லை. அதனால் சண்டைக்கு ஆளே இல்லை.

ஆத்தங்குடிக் கல் பாவிய தரையைத் துடைக்கவும் பழக்கலாம். கண்ணாடி மேல் வார்த்து, சூளையில் வைக்காமல் செய்கிற சிமென்ட் கல் அது. துடைக்கத் துடைக்கத்தான் பளபளப்பு ஏறும். துடைத்த இடமும் துடைக்காத இடமும் தெரிவது பிள்ளைக்குப் பிடிக்கும். தண்ணீரும் துணியும் போதும், ஆசிட் பக்கம் மட்டும் விடாதீர்கள். பிள்ளைக்கும் ஆகாது, கல்லுக்கும் ஆகாது.

ஆரம்பிக்கிறாள், பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். அதை எப்படிச் சரிசெய்வது?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். நாம் எல்லோரும் வேலையைச் சொல்வதில் நிறைய நேரம் செலவழிக்கிறோம், முடிந்த வேலையைப் போய்ப் பார்ப்பதில் கிட்டத்தட்ட ஒன்றும் செலவழிப்பதில்லை. யாரும் பார்க்காத வேலை பாதியில் நிற்பது பெரியவர்களுக்கும் நடப்பதுதான்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைத் தெளிவாக விளக்க ஒரு வழி இருக்கிறது. பர்மா, மலேயா, இலங்கை என்று லேவாதேவிக் கடைகள் நடந்த காலத்தில் கடைநிலை எடுபிடியான பெட்டியடிப் பையனாகச் சேருகிறவன் எடுத்த எடுப்பில் வட்டிக் கணக்குப் போட உட்காரவில்லை. கூட்டிப் பெருக்குவது, கடிதம் கொண்டுபோவது, தண்ணீர் எடுத்துவைப்பது என்று சில்லறை வேலைகள். பக்கத்தில் உதவியாளரான அடுத்தாள், அவருக்கு மேல் கடையை நடத்துகிற மேலாள். கணக்கு நேரானால்தான் பெட்டி மூடும். பையன் தன் வேலையை முடித்தானா என்று பார்க்க ஒரு கண் எப்போதும் இருந்தது. சின்ன வயதில் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பிய அந்த வழக்கத்துக்காக ஏங்க வேண்டியதில்லை. அங்கே இருந்த அந்த மாலை நேரத்துப் பார்வை மட்டும் நமக்கு வேண்டும்.

வீட்டில் அதை இப்படிச் செய்யலாம். ஒவ்வொரு வேலைக்கும் முடிவுக்குறி ஒன்று வையுங்கள். கூட்டுகிற வேலை, கூட்டியதோடு முடியவில்லை. விளக்குமாறு அதன் ஆணியில் தொங்கினால்தான் முடிந்தது. பாத்திரம் துடைக்கிற வேலை, துணி கொடியில் காய்ந்தால்தான் முடிந்தது. முடிந்ததும் உங்களிடம் வந்து சொல்ல வேண்டும், நீங்கள் கையில் இருப்பதை வைத்துவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டும். "அப்புறம் பாக்குறேன்" என்றால் அன்றைக்கு அந்த ஏற்பாடு செத்தது. பார்த்துவிட்டு என்ன நன்றாக இருக்கிறது என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: "கட்டிலுக்கு அடியிலயும் கூட்டியிருக்கியே." "சமத்து", "குட் கேர்ள்" எல்லாம் காதில் நுழைந்து வெளியே போய்விடும், எதைச் செய்ததால் சமத்து என்று அவளுக்குத் தெரியாது.

தொடங்கவே மலைக்கிற பிள்ளைக்கு வேலையைக் கடைசியிலிருந்து கற்றுக்கொடுங்கள். முதல் வாரம் படுக்கையை நீங்கள் மடித்துவிட்டுத் தலையணையை மட்டும் அவளை வைக்கச் சொல்லுங்கள். அடுத்து போர்வையும் தலையணையும். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால் அவள் எப்போதும் வேலையை முடித்த இடத்திலேயே நிற்பாள். முன்னாலிருந்து கற்றுக்கொடுத்தால் பாதியில் விட்ட இடத்தில்தான் நிற்பாள்.

வேலை செய்தால் காசு கொடுக்கலாமா?

இதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாது. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் அமெரிக்காவில் ஒரு மழலையர் பள்ளியில் சோதனை செய்தார்கள். தாமாகவே ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளில் சிலரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்றார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்த பிள்ளைகளுக்கு வரைவதில் இருந்த ஆசை குறைந்திருந்தது. 2008-ல் வார்னகென், டொமசெல்லோ இருவரும் இருபது மாதக் குழந்தைகளிடம் செய்த சோதனையிலும் இதே சாயல்தான்: உதவியதற்குப் பொருள் பெற்ற குழந்தைகள் பின்னர் குறைவாக உதவின.

இதைப் படித்துவிட்டு "பரிசே கூடாது" என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். அது அவசரம். இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே விரும்பிச் செய்துகொண்டிருந்தவர்கள். உங்கள் வீட்டில் இருப்பவனோ சுத்தமாகச் செய்யாதவன். அவனிடம் இழக்க அந்த ஆசை இன்னும் வரவில்லை. அவனுக்குத் தொடக்கத்தில் காலண்டரில் ஒரு டிக், ஐந்து டிக் சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை இரவு என்ன சமைக்கலாம் என்று அவன் முடிவுசெய்யலாம் என்று வைப்பதில் தவறே இல்லை. வேலை ஓடத் தொடங்கியதும் டிக்கை மெல்ல மறந்துவிடலாம். பாராட்டை மறக்க வேண்டாம்.

காசு என்றால், வீட்டில் எல்லோரும் செய்கிற அன்றாட வேலைக்கு வேண்டாம். பழைய பேப்பர் கட்டிக் கடைக்குப் போடுவது, பரண் சாமானை இறக்கித் தூசி தட்டுவது மாதிரி எப்போதாவது வருகிற கூடுதல் வேலைக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது ஒரு நோட்டில் வரவு எழுதச் சொல்லுங்கள். செலவழித்தால் பற்று எழுத வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைக்கு வரவு பற்று எழுதத் தெரியாமல் போவது கொஞ்சம் வெட்கக்கேடு.

அப்பத்தா குறுக்கே வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறார்கள்.

"பச்சப்புள்ளயப் போட்டு ஏன் இந்தப் பாடு படுத்துறே, நான் செஞ்சுக்குறேன்" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை வாங்கிக்கொள்வார்கள். பேரன் அப்பத்தா மடியில் உட்கார்ந்து உங்களைப் பார்த்துச் சிரிப்பான். தெரியாத கதையா!

மாமியாரோடு வாதாடிப் பலனில்லை, பிள்ளைக்கு முன்னால் வாதாடினால் நட்டம்தான். தனியாக உட்கார்ந்து பேசும்போது "நீங்க செல்லம் குடுக்குறீங்க" என்று தொடங்காமல், ஒரு பதவியைக் கொடுத்துவிடுங்கள். "அத்தை, விளக்கு வேலையை இவன்கிட்ட விட்டிருக்கேன். சரியா செய்யுறானான்னு நீங்கதான் பாக்கணும். எனக்கு அந்த நேரத்துல அடுப்புல வேலை." மேற்பார்வை என்று வந்துவிட்டால் அப்பத்தாக்கள் நம்மைவிடக் கறார். திரி கொஞ்சம் கோணலாக இருந்தால்கூட விட மாட்டார்கள். பல வீடுகளில் இது நன்றாகவே ஓடுகிறது. ஓடாத வீட்டில், அப்பத்தா கண்ணில் படாத நேரத்தில் செய்கிற வேலையாகப் பார்த்துக் கொடுங்கள்.

இவன் அப்பா சிங்கப்பூரில். போனில் திட்டச் சொல்லலாமா?

வேண்டாம். அப்பா இல்லாத வீடு செட்டிநாட்டுக்குப் புதிதல்ல; கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போனவர்கள் மூன்று வருடக் கணக்கு முடிந்துதான் ஊர் திரும்புவார்கள், வீட்டை ஆச்சிமார்தான் நடத்தினார்கள். இப்போது தினமும் முகம் பார்க்க முடிகிறது. அந்தப் பத்து நிமிடத்தை விசாரணையாக்கினால் பிள்ளை போனை எடுக்கவே ஒளிவான். அதோடு "அப்பாகிட்ட சொல்லிடுவேன்" என்று நீங்களே சொல்லிவிட்டால் உங்கள் சொல்லுக்கு எடை இல்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டது போலாகும்.

மாறாக, முடித்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள். வீடியோவில் திண்ணையைக் காட்டட்டும், செடியைக் காட்டட்டும். தான் இல்லாத வீட்டில் மகன் என்ன பார்த்துக்கொள்கிறான் என்று அப்பாவும் தெரிந்துகொள்ளலாம். வேலை முடிக்காத நாளில் அதைப் பற்றிப் பேசாமல் வேறு கதை பேசட்டும். லீவில் வரும்போது மட்டும் ஒரு கவனம்: இரண்டு வாரம் வருகிற அப்பா, பாசத்தில் எல்லா வேலையையும் தள்ளுபடி செய்துவிட்டு விமானம் ஏறிவிடுவார். வருவதற்கு முன்பே பேசிவையுங்கள்.

வேலைக்கு ஆள் இருக்கும்போது பிள்ளை எதற்குச் செய்ய வேண்டும்?

அந்த அக்கா வராத நாளைக்காக இல்லை. அந்த அக்கா செய்வது எவ்வளவு வேலை என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான். தன் தட்டு, தன் படுக்கை, தன் உள்ளாடை இவை மூன்றும் வேலைக்காரர் கணக்கில் வராது என்று ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

பெண் பிள்ளை செய்கிறாள். பையன் "அது பொம்பளை வேலை" என்கிறான்.

யாரைப் பார்த்துச் சொல்கிறான் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் பதில் முகப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும். ஊர் முழுக்கப் பேர் வாங்கிய செட்டிநாட்டுக் கல்யாணச் சமையலை ஆக்குவது யார், தவசிப்பிள்ளைகள் என்கிற ஆண் சமையற்காரர்கள்தானே என்று கேளுங்கள். நூறு இலைக்குப் பரிமாற வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருகிற ஆண்கள் வீட்டில் நாலு தட்டை எடுத்துப்போட்டால் கை தேயாது. வேலையை ஆண் பெண் பார்க்காமல் மாதம் ஒருமுறை மாற்றிக் கொடுங்கள். அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரே அளவுகோல் இல்லாவிட்டால் அக்காள் மனதில் அது நெடுநாள் தங்கும்.

கைபேசியைப் பிடுங்கினால்தான் வேலை நடக்கிறது. இது சரியா?

பிடுங்குவது கடைசிப் படி. அதற்கு முன்னால் வரிசையை மாற்றிப் பாருங்கள். "குளிச்சிட்டு வா, பணியாரம் தர்றேன்" என்று நம் ஆயாக்கள் சொன்னதைத்தான் டேவிட் பிரிமாக் என்ற உளவியலாளர் 1959-ல் ஒரு விதியாகவே எழுதினார்: அதிகம் விரும்பிச் செய்வதை, அதிகம் விரும்பாததற்குப் பின்னால் வைத்தால், விரும்பாததும் நடக்கும். "பை அடுக்கி முடிச்சதும் அரை மணி நேரம் கேம்." இங்கே மிரட்டல் எதுவும் இல்லை, முன்பின் வரிசை மட்டும்தான்.

இதற்கும் லஞ்சத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஏற்பாட்டை அமைதியாக இருக்கும்போது முன்கூட்டியே சொன்னால் அது ஏற்பாடு. தரையில் விழுந்து அழும்போது "சரி சரி, எழுந்திரு, போன் தர்றேன்" என்றால் அது லஞ்சம். அழுகைக்கு விலை கொடுத்தாகிவிட்டது, நாளைக்கு விலை ஏறும்.

ஏற்பாடு தொடங்கியதும் முன்பைவிட மோசமாக எதிர்த்துப் பேசுகிறான், கதவை அறைகிறான். விட்டுவிடலாமா?

இந்த நேரத்தில் விட்டால் அவன் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: கதவை இன்னும் பலமாக அறைந்தால் வேலை தள்ளுபடி. இதுவரை பலித்த தந்திரம் பலிக்காதபோது பிள்ளை அதையே கூட்டிப் பார்ப்பது இயல்பு. சில நாள் ஏறி, அப்புறம் இறங்கும். அந்தச் சில நாளைத் தாங்குவதற்கு வீட்டுப் பெரியவர்கள் முன்பே ஒத்துப்போயிருக்க வேண்டும்.

எதிர்ப் பேச்சுக்குப் பதில் பேச வேண்டாம். "நீ மட்டும் என்ன செய்யுறே?", "நான் என்ன வேலைக்காரனா?" என்பவை உங்களை வேலையிலிருந்து வாதத்துக்கு இழுக்கிற கயிறுகள். "அதைப் பத்தி ராத்திரி பேசுவோம். இப்ப திண்ணை." அவ்வளவுதான். ராத்திரி உண்மையிலேயே பேசுங்கள், ஏனென்றால் சில நேரம் அவன் கேட்பதில் நியாயம் இருக்கும். ஹாக்கிப் பயிற்சி முடிந்து ஆறரைக்கு வருகிற பிள்ளைக்கு ஆறரை மணி வேலை வைத்திருந்தால் அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

தண்டனை வேண்டுமானால் சின்னதாக, அன்றைக்கே முடிகிறதாக இருக்கட்டும். "ஒரு மாசத்துக்குப் போன் கிடையாது" என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாள் கொடுக்காத வீட்டை நான் பார்த்ததில்லை. இன்று மாலை விளையாட்டு கிடையாது, நாளை புது நாள், அது போதும்.

அடி வேண்டாம். அடித்தால் அந்த நிமிடம் வேலை நடக்கும், அதனால்தான் அது நமக்குப் பழகிப்போகிறது. அடிக்கிற கை இல்லாத நேரத்தில் வேலை நடக்காது. பள்ளிக்கூடத்தில் உடலையும் மனதையும் வதைக்கிற தண்டனையை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்துவிட்டது. "கண்ணு ரெண்டை விட்டுட்டு எங்க வேணா அடிங்க சார்" என்று வாத்தியாரிடம் ஒப்படைத்த காலம் போய்விட்டது, நல்லதற்குத்தான்.

கடையில் உதவிக்கு உட்கார வைக்கலாமா? குழந்தைத் தொழில் ஆகாதா?

2016-ல் திருத்திய சட்டப்படி பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களை எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது. சொந்தக் குடும்பத்துக்குப் பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறையிலோ, ஆபத்தில்லாத வேலையில் உதவலாம். சில்லறை எண்ணிக் கொடுப்பது, சரக்கு அடுக்குவது சரி. பள்ளிக்கூடத்தைத் தவறவிடுவது, இரவு வெகுநேரம் உட்காருவது சரியில்லை.

டிபன் பாக்ஸ், ரெக்கார்டு நோட்டு என்று தினம் ஒன்றை மறந்துவிட்டுப் போகிறாள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டியிருக்கிறது.

ஓடுவதை நிறுத்துவதற்கு முன், மறக்காமல் இருக்க வழி செய்துகொடுத்தீர்களா என்று பாருங்கள். காலை ஏழரை மணி என்பது எதையும் ஞாபகம் வைக்கிற நேரமில்லை. பை அடுக்குவதை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொண்டுபோங்கள். பைக்கு வாசலோரம் ஓர் இடம் வையுங்கள். செருப்பு போடும்போது அது காலில் இடறட்டும். "சாப்பிட்டுக் கை கழுவினதும் பை" என்று ஒரு செயலின் வாலில் இன்னொரு செயலைக் கட்டிவிட்டால் ஞாபகத்துக்கு வேலை குறையும்.

இவ்வளவும் செய்து பழகிய பிறகும் மறந்தால், நோட்டைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். டீச்சரிடம் அவளே பதில் சொல்லட்டும். சாப்பாட்டை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன் என்று சொல்கிற அம்மாக்களோடு எனக்குச் சண்டை இல்லை.

இது வெறும் பிடிவாதமா, வேறு ஏதாவது கோளாறா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் எளியவற்றைப் பாருங்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா? அடிக்கடி சளி, காதுவலி உண்டா? குறட்டை விட்டுத் தூங்குகிறானா, போதுமான தூக்கம் இருக்கிறதா? பள்ளியில் யாராவது கேலி செய்கிறார்களா? திடீரென்று மாறிய பிள்ளை என்றால் அந்த மாற்றம் எப்போது தொடங்கியது என்பது முக்கியம்.

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் உள்ள பிள்ளைகளுக்குச் சொன்னதை மனதில் பிடித்துவைப்பதும், தொடங்கியதை முடிப்பதும் உண்மையிலேயே கடினம். வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் வீட்டில் மட்டும் இப்படி, பள்ளியில் சமத்து என்றால் பெரும்பாலும் அது இல்லை. அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தெரிய வேண்டும் என்பது மருத்துவர்கள் பார்க்கும் அடிப்படை. இன்டர்நெட்டில் பட்டியலைப் பார்த்து நீங்களே பெயர் வைத்துவிடாதீர்கள். குழந்தை நல மருத்துவரிடம் தொடங்குங்கள். பள்ளிக்கூடங்களுக்கு வந்து போகிற அரசின் சிறார் நலப் பரிசோதனைக் குழு மூலம் மாவட்ட அளவிலான இடையீட்டு மையத்துக்கும் அனுப்புவார்கள். பதினெட்டு வயது வரை இது உண்டு. பேசுவதற்கு மட்டும் யாராவது வேண்டுமென்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே, இலவசமாகப் பேசலாம். பிள்ளை உங்களை அடிக்கிற, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிற அளவுக்குப் போயிருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு நேரில் போய்க் காட்டுங்கள்.

மேலே சொன்ன ஒற்றை வாக்கியம், முடிவுக்குறி, உடனடிப் பாராட்டு எல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கும் உதவும். இன்னும் சின்ன துண்டுகளாக, இன்னும் அடிக்கடி தேவைப்படும், அவ்வளவுதான்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

திருக்கார்த்திகை தொடங்கி நாளுக்கு ஓர் இழையாக 21 இழை சேர்த்துப் பிள்ளையார் நோன்பு கொண்டாடுகிற நமக்கு அந்த எண் பிடிக்கும்தான். பழக்கத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. 2010-ல் லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் பெரியவர்களிடம் செய்த ஆய்வில், ஒரு செயல் தன்னாலே நடக்கிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. பெரியவர்களுக்கே இப்படி என்றால் எட்டு வயதுக்கு அவசரப்பட வேண்டாம். ஒரு வேலை ஓடாமல் அடுத்த வேலையைச் சேர்க்காதீர்கள்.

கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), திருவிழா என்று வந்தால் எல்லாம் குலைந்துவிடுகிறது.

குலையட்டும். பங்காளி வீடெல்லாம் கூடியிருக்கும்போது திண்ணையைக் கூட்டினாயா என்று பிடித்துக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு மட்டுமல்ல, வந்தவர்களுக்கும் சங்கடம். அந்த நாட்களுக்கு வேறு வேலை கொடுங்கள். சாமான் அறையிலிருந்து பாத்திரம் வெளியே போகும்போது பேர் வெட்டியிருப்பதைப் பார்த்து நோட்டில் எழுதுவது, திரும்பி வரும்போது எண்ணி டிக் அடிப்பது பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பொருத்தமான வேலை. பந்தியில் தண்ணீர் ஊற்றுவது, வருகிறவர்களுக்குச் சந்தனம் குங்குமம் நீட்டுவது சின்னவர்களுக்கு. வீட்டில் அசையாத பிள்ளை நாலு பேர் முன்னால் பறந்து பறந்து வேலை செய்வதைப் பார்த்து "இங்க மட்டும் செய்யத் தெரியுதா?" என்று குத்திக்காட்டிவிடாதீர்கள். அன்றைக்கு இரவு "ஒரு கரண்டிகூடக் குறையல, நீதான் பாத்துக்கிட்டே" என்று அவன் காதில் விழும்படி அப்பத்தாவிடம் சொல்லுங்கள். விருந்தாளிகள் போன மறுநாள் ஓய்வு. அதற்கு மறுநாள் பழைய வேலைக்குத் திரும்பலாம், ஒன்றிலிருந்து.